பழைய காரின் அதிர்ச்சி தாங்கி: சாயம் பூசுவதற்கு முன்

பழைய மோட்டார் காரைப் புதுப்பிக்க முனைவோர், வண்டியை உயர்த்தி அதன் அடியிற் புகுந்து பார்த்ததும், சக்கரங்களின் அருகே எண்ணெயும் மண்ணும் கலந்து அப்பிய ஒரு பொருளைக் காண்பர். ‘ஷாக் அப்சார்பர்’ என வழங்கும் அதிர்ச்சி தாங்கி அதுதான். மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் துடைத்து, கம்பித் தூரிகையால் தேய்த்து, கறுப்புச் சாயம் ஒரு பூச்சுப் பூசினால் ஒரு மணி நேரத்தில் அது கடையிலிருந்து வந்தது போலாகிவிடும். வண்டியின் சொந்தக்காரருக்கு மனநிறைவு. வாங்க வருபவருக்கு மயக்கம். ஆனால் அங்கே அப்பியிருந்தது வெறும் அழுக்கல்ல. உள்ளே இருக்க வேண்டிய எண்ணெய் வெளியே வந்துவிட்டது என்பதற்கு அதுவே சாட்சி. அதைத் துடைத்துவிட்டுச் சாயம் பூசுவது, காய்ச்சல்காரனுக்குப் பவுடர் பூசி நாற்காலியில் உட்கார வைப்பது போன்றது.

முதலில் பெயரில் உள்ள குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். சக்கரம் பள்ளத்தில் விழும்போது எழும் அதிர்ச்சியைத் தாங்குவது ஸ்பிரிங்கேயன்றி ஷாக் அப்சார்பர் அன்று. வண்டியின் பாரத்தையும் அது சுமப்பதில்லை. ஸ்பிரிங் செய்யும் வேலைக்குப் பெயரை மட்டும் இது தட்டிக்கொண்டது எனலாம். ஒருமுறை அமுங்கிய ஸ்பிரிங், ஆட்டிவிட்ட ஊஞ்சலைப் போல மேலும் கீழுமாக ஆடிக்கொண்டே இருக்கும். ஊஞ்சலில் இருப்பவர் காலைத் தரையில் உரசினால் ஆட்டம் விரைவில் அடங்குகிறதல்லவா? தரையில் உரசும் அந்தக் கால்தான் ஷாக் அப்சார்பர். ஆட்டத்தின் ஆற்றலை அது வெப்பமாக மாற்றிவிடுகிறது. கரடான சாலையில் நெடுந்தூரம் ஓடிய வண்டியில் அதைத் தொட்டுப் பார்த்தால் சூடு தெரியும். ஆட்டம் அடங்காவிட்டால் சக்கரம் தரையை விட்டு எழும்பி எழும்பி விழும். எழும்பி நிற்கும் அந்தக் கணத்தில் பிரேக்கும் ஸ்டியரிங்கும் பயன்படா.

இதன் உள்ளமைப்பை விளக்க மாரிஸ் மைனர் காரே நல்ல உதாரணம். அலெக் இஸ்ஸிகோனிஸ் வடிவமைத்து 1948ஆம் ஆண்டில் வெளிவந்த இவ்வண்டி, 1970களின் தொடக்கம் வரை 16 இலட்சத்துக்கும் மேலாகச் செய்யப்பட்டது. மலாயாவிலும் சிங்கப்பூரிலும் ஒரு தலைமுறைக்கு நன்கு பழகிய வண்டி அது. அதில் இருப்பது இன்றைய கார்களில் காணும் குழாய் வடிவத் தாங்கியன்று. ‘ஆர்ம்ஸ்ட்ராங்’ எனப்படும் கை வைத்த வகை. ஒரு வார்ப்புப் பெட்டி. அதன் குறுக்கே ஒரு தண்டு. தண்டின் வெளிமுனையில் ஒரு கை. சக்கரம் ஏறி இறங்கும்போது கை அசையும், தண்டு சுழலும். பெட்டிக்குள் தண்டுடன் இணைந்த ஆட்டுக்கோல், அருகருகே உள்ள இரண்டு பிஸ்டன்களை மாறி மாறித் தள்ளும். தள்ளப்பட்ட எண்ணெய் சிறிய வால்வுகளின் வழியே மட்டுமே ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போக முடியும். மருத்துவரின் ஊசிக் குழாயில் நீரை நிரப்பி மெதுவாக அழுத்தினால் எளிதாகப் போகும். வேகமாக அழுத்தினால் விரல் நோகும். அதே தத்துவந்தான் இங்கும். சக்கரம் எவ்வளவு வேகமாக ஆடுகிறதோ அவ்வளவுக்கு எண்ணெயின் எதிர்ப்பும் மிகும்.

மைனரின் முன்பக்கத்தில் மற்றொரு விசேஷம் உண்டு. அங்கே ஷாக் அப்சார்பரின் கையே சக்கரத்தின் மேற்பகுதியைப் பிடித்து நிறுத்தும் உறுப்பும் ஆகும். 1962 முதல் 1980 வரை வந்த எம்.ஜி.பி. காரிலும் இதே ஏற்பாடுதான். ஆகவே தண்டு சுழலும் துளை தேய்ந்தால் எண்ணெய் ஒழுகுவதோடு போகாது; சக்கரத்தின் தலையே அசையும், டயர் ஒருபுறமாகத் தேயும், ஸ்டியரிங் அலையும். சிலர் குழாய் வடிவத் தாங்கியைத் தனியே பொருத்திவிட்டு, ‘இனிப் பழையது எப்படி இருந்தால் என்ன?’ என்று விட்டுவிடுகின்றனர். பழைய பெட்டியும் தண்டும் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு அங்கேயேதான் இருக்கின்றன என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர்.

இதனால் கழற்றும்போதும் எச்சரிக்கை தேவை. முன்புறக் கையைச் சக்கரத் தூணிலிருந்து விடுவிக்குமுன், கீழ்க்கையின் அடியில் ஜாக்கி வைத்துத் தாங்கியாக வேண்டும். மைனரில் ஸ்பிரிங்குக்குப் பதிலாக உள்ள முறுக்குக் கம்பி பெரும் விசையுடன் முறுக்கேறி நிற்கிறது. தாங்கலின்றி மேற்கையை விடுவித்தால் சக்கரமும் கீழ்க்கையும் திடீரெனக் கீழே பாயும். அருகில் உள்ள கை கால்களுக்கு அது இரக்கம் காட்டாது.

கழற்றியதைக் கசடு நீக்கி, நிமிர்ந்த நிலையில் வைஸில் பிடித்து, கையை முழு வீச்சுக்கும் மெல்ல ஏற்றி இறக்கிப் பார்க்க வேண்டும். இருபுறமும் ஒரே சீரான எதிர்ப்பு இருந்தால் நலம். நடுவில் ஓரிடத்தில் ‘வெறுமை’ தட்டினால் உள்ளே காற்று இருக்கிறது அல்லது எண்ணெய் குறைந்திருக்கிறது. எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறக்குமுன் அதைச் சுற்றிலும் துடைத்தல் அவசியம். ஒரு சிட்டிகை மணல் உள்ளே விழுந்தால் வால்வு சரியாக மூடாது. எண்ணெய் எது? பழைய கையேடுகள் தனி எண்ணெயைக் குறிப்பிட்டு, அது கிடையாவிடில் எஸ்.ஏ.இ. 20 தரமுள்ள மெல்லிய கனிம எண்ணெயை அனுமதித்தன. பிரேக் எண்ணெயை ஒருபோதும் ஊற்றலாகாது. தடித்த எண்ணெய் ஊற்றித் தளர்ந்த தாங்கியை ‘இறுக்கும்’ தந்திரமும் பட்டறைகளில் உண்டு. வண்டி சில நாள் கட்டையாக ஓடும். தேய்ந்த துளை தேய்ந்தபடியேதான் இருக்கும். ஊற்றியபின் கையைப் பலமுறை மெதுவாக அசைத்துக் காற்றை வெளியேற்றி, மீண்டும் நிரப்ப வேண்டும்.

நிரப்பிய பிறகும் தண்டின் ஓரத்தில் ஈரம் கசிந்தால் சீலும் புஷ்ஷும் போய்விட்டன என்று பொருள். இது வீட்டு முற்றத்தில் செய்யும் வேலையன்று. கை, தண்டின்மேல் அழுத்திப் பொருத்தப்பட்டது. அதை எடுக்கப் பிரஸ் வேண்டும். துரு தின்ற தண்டைத் தேய்த்தோ மாற்றியோ, துளையில் புதிய புஷ் இட்டு, உதடு வைத்த புதிய சீல் பொருத்தித் தரும் பட்டறைகளிடம் கொடுப்பதே முறை. இடமும் வலமும் சோடியாகவே செய்யப்பட வேண்டும். ஒரு பக்கம் இறுகி மறுபக்கம் தளர்ந்த வண்டி வளைவில் நேர்மையாகத் திரும்பாது.

இனிச் சாயம். மூடியை இறுக்கி, தண்டின் ஓரத்தை ஒட்டுக் காகிதத்தால் மறைத்த பின்னரே தேய்ப்பு வேலை தொடங்கலாம். மணல் வீச்சால் சுத்தம் செய்வது, முழுவதும் பிரித்த பெட்டிக்கு மட்டுமே பொருந்தும்; சேர்த்து வைத்திருக்கும் தாங்கியில் மணல் சீலுக்குள் புகுந்துவிடும். அடுப்பிலிட்டுச் சுடும் தூள் பூச்சுக்கும் அதே விதி: அந்த அடுப்பின் சூடு 200 பாகை செல்சியஸ் அளவுக்குப் போகும், ரப்பர் சீல் அதற்கு நில்லாது. அலுமினிய வார்ப்பில் சாதாரணச் சாயம் உரிந்துவிடுமாதலால் அலுமினியத்தைக் கவ்வும் தனி முதற்பூச்சு வேண்டும். கை இரும்பாலானது, அதற்குத் துரு தடுக்கும் பூச்சுப் போதும். எந்த நிறம் என்பதில் அன்பர்களிடையே வாதங்கள் நடக்கும். சட்டத்தில் ஒட்டியிருந்த அடிப்பக்கத்தையும் மூடியின் அடியையும் பார்த்தால் பழைய சாயத்தின் சுவடு சில வேளைகளில் கிடைக்கும். ஆனால் அந்த அடிப்பக்கத்தில் சாயம் பூசலாகாது. பூச்சு நாளடைவில் நசுங்க, போல்ட்டுகள் தளரும். தடித்த பூச்சும் வேண்டாம். உள்ளே பிறக்கும் சூடு வெளியேற வேண்டும்.

குழாய் வடிவத் தாங்கி உள்ள வண்டிகளில் வெளிக்குழாய்க்கு மட்டும் சாயம். பளபளக்கும் குரோமியத் தண்டில் ஒரு துளியும் படலாகாது. வாயு அடைத்தவற்றைச் சூடாக்குவதும் துளையிடுவதும் உயிருக்கே ஆபத்து.

மாட்டும்போது, ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளை வண்டி தன் பாரத்தோடு தரையில் நின்ற பிறகே கடைசியாக இறுக்க வேண்டும். தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் எப்போதும் முறுக்கிலேயே இருந்து கிழியும். பிறகு, முன் மட்கார்டை அழுத்தி விட்டால் வண்டி எழுந்து ஓர் ஆட்டத்தில் அடங்க வேண்டும். சில நூறு மைல் ஓடியபின் ஒரு நாள் விளக்கைப் பிடித்துக்கொண்டு மீண்டும் அடியில் பார்க்க வேண்டும். புதிய சாயத்தின்மேல் எண்ணெய்க் கோடு இருந்தால் இம்முறை தெளிவாகத் தெரியும்.