சுருதி ஏற்றம்

பாடலின் நடுவே ஆதார சுருதியை உயர்த்துவது மேலை மெல்லிசையில் பயின்றுவரும் உத்தியாகும். மைக்கேல் ஜாக்சனின் 'பேட்' (1987) இசைத்தொகுப்பிலுள்ள 'மேன் இன் த மிரர்' பாடலைச் சான்றாகக் கொள்வோம். உலகைத் திருத்த விழைவோர் முதலில் தம்மைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்பதே அதன் கருத்து. பாடலின் பிற்பகுதியில், மாற்றத்தைக் குறிக்கும் சொல் ஒலிக்கும்போதே சுருதி அரைச்சுரம் உயர்கிறது.

தமிழிசையின் பண்ணுப்பெயர்த்தல் இதனின் வேறானது. அதில் ஏழு சுரங்களும் இருந்தவாறே இருக்க, முதலாகக் கொள்ளும் சுரம் மட்டும் மாறுவதால் புதிய பண் பிறக்கிறது. சுருதி ஏற்றத்திலோ எல்லாச் சுரங்களும் ஒருங்கே உயர்கின்றன, மெட்டு மாறுவதில்லை. அதனால்தான் முன்பே கேட்டுப் பழகிய பல்லவி புதிய எழுச்சியுடன் ஒலிக்கிறது. சொல் உரைக்கும் மாற்றத்தைச் செவியும் உணர்கிறது.