பாஸ்புக் என்ட்ரிக்கு காசு கேட்கலாமா? விதி சொல்வதும் கவுன்டரில் நடப்பதும்

2023 செப்டம்பரில் ஒரு பிற்பகல். சென்னையில் வாடகை கார் ஓட்டும் ஒருவரின் செல்போனுக்கு வங்கியிலிருந்து எஸ்எம்எஸ் வந்தது. கணக்கில் வரவு 9,000 கோடி ரூபாய்! ஏதோ மோசடிக் கும்பலின் வேலை என்றுதான் அவர் முதலில் நினைத்தார். சந்தேகம் தீர, நண்பருக்கு 21,000 ரூபாய் அனுப்பிப் பார்த்தார். போய்விட்டது. கொஞ்ச நேரத்தில் மீதிப் பணத்தை வங்கியே திரும்ப எடுத்துக்கொண்டது. தூத்துக்குடியைத் தலைமையிடமாகக் கொண்ட தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கிதான் அது. 1921-ல் அதே ஊரில் ‘நாடார் வங்கி’யாகத் தொடங்கி, நூறாண்டைக் கடந்த நிறுவனம்.

வங்கிக்கு நஷ்டம் வரும் தவறு என்பதால் அது உடனே கண்டுபிடிக்கப்பட்டது. அதே தவறு வாடிக்கையாளருக்கு நஷ்டமாக நடந்தால்? 200 ரூபாய் கட்டணம், 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 236 ரூபாய், காரணமே இல்லாமல் கணக்கிலிருந்து கழிந்தால் வங்கியில் யாருக்கும் அலாரம் அடிக்காது. கணக்கு வைத்திருப்பவரே பார்த்துக் கேட்டால்தான் உண்டு. பார்ப்பதற்கு அவர் கையில் வரவு-செலவு விவரம் இருக்க வேண்டும். அந்த விவரத்தைக் காகிதத்தில் கேட்டால் வங்கி காசு வாங்கலாமா?

“எல்லாம்தான் ஆப்ல இருக்கே, பேப்பர் எதுக்கு?” என்று கேட்பவர்கள், ஊரில் அம்மாவின் பாஸ்புக்கில் கடைசியாக எப்போது என்ட்ரி போடப்பட்டது என்று ஒரு போன் போட்டுக் கேட்டுப் பார்க்கலாம்.

விதி என்ன சொல்கிறது?

இந்த விஷயத்தில் ரிசர்வ் வங்கி குழப்பம் வைக்கவில்லை. 2006 அக்டோபர் 4-ம் தேதியிட்ட சுற்றறிக்கையின்படி, தனிநபர் சேமிப்புக் கணக்கு வைத்திருக்கும் எல்லோருக்கும் வங்கி பாஸ்புக் வசதி தர வேண்டும். பாஸ்புக்குக்குப் பதிலாக ஸ்டேட்மென்ட் போதும் என்று வாடிக்கையாளர் தேர்ந்தெடுத்தால் அதை மாதாமாதம் தர வேண்டும். இரண்டில் எதற்கும் ஆகும் செலவை வாடிக்கையாளர் தலையில் கட்டக் கூடாது.

புத்தகம் தந்தால் மட்டும் போதாது, அதில் எழுதுவது புரியவும் வேண்டும். 2017 ஜூன் 22-ம் தேதி வந்த இன்னொரு சுற்றறிக்கை அதைப் பற்றியது. வங்கி ஒரு தொகையைப் பிடித்தால் அது கட்டணமா, கமிஷனா, அபராதமா, எதற்காகப் பிடித்தார்கள் என்பதைச் சுருக்கமாகவாவது என்ட்ரியில் காட்ட வேண்டும். வெறுமனே ‘சார்ஜஸ்’ என்று அச்சடித்துவிட்டு நகர்ந்துவிட முடியாது.

அப்படியானால் கட்டணம் எங்கே முளைக்கிறது? ஓரங்களில்தான். இந்த விதி தனிநபர் சேமிப்புக் கணக்குக்கானது; கடை, கம்பெனி பெயரில் உள்ள நடப்புக் கணக்குக்குப் பொருந்தாது. புத்தகம் தீர்ந்து அடுத்தது வாங்குவது வேறு, தொலைத்துவிட்டு நகல் கேட்பது வேறு. நகலுக்கும், ஏற்கெனவே தந்த ஸ்டேட்மென்ட்டை மறுபடி அச்சிட்டுத் தருவதற்கும் பல வங்கிகளின் கட்டணப் பட்டியலில் ஒரு தொகை இருக்கிறது. சில வங்கிகளில் பக்கத்துக்கு இவ்வளவு, சிலவற்றில் மொத்தமாக.

விசா, வீட்டுக் கடன் என்று வரும்போது ஆப்பில் எடுத்த பிடிஎஃப் போதாமல், கிளை முத்திரையோடு வேண்டும் என்று கேட்கும் இடங்கள் இன்னும் இருக்கின்றன. நீதிமன்றத்துக்கு வங்கிப் பதிவைச் சாட்சியமாகக் கொண்டுபோனால், 1891-ம் ஆண்டின் வங்கியாளர் புத்தகச் சாட்சியச் சட்டப்படி சான்றளித்த நகல் தேவை. அன்றைக்கு ஆப் தலைமுறையும் டோக்கன் வாங்கிக்கொண்டு வரிசையில் உட்கார்ந்தாக வேண்டும்.

வங்கிகள் பக்கமும் நியாயம் இருக்கிறது

காகிதம், மை, தபால், எழுத்தர் நேரம் எல்லாம் செலவுதான். 2006-ல் இந்த விதி வந்தபோது ஒரு சாதாரண கணக்கில் மாதத்துக்குப் பத்து வரி இருந்தாலே அதிகம். இப்போது டீக்கடை, ஆட்டோ, பூக்காரம்மா என்று எல்லாமே யுபிஐ. 2025 ஆகஸ்ட்டில் மட்டும் நாடு முழுக்க 2,000 கோடிக்கும் அதிகமான யுபிஐ பரிவர்த்தனைகள் நடந்தன. ஆறு ரூபாய் மிட்டாய்க்கும் பாஸ்புக்கில் ஒரு வரி. முன்பு ஆண்டுக்கணக்கில் வந்த புத்தகம் சில மாதங்களில் தீர்ந்துவிடுகிறது. தபாலில் வரும் ஸ்டேட்மென்ட் பக்கத்து வீட்டுக்குப் போய், கணக்கு ரகசியம் வெளியே வரும் ஆபத்தும் உண்டு.

இதெல்லாம் சரி. ஆனால், செல்போன் வழியும் முழுக்க இலவசம் இல்லை என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். எஸ்எம்எஸ் தகவலுக்கு வங்கி கட்டணம் வாங்கலாம். எல்லோருக்கும் ஒரே தொகை என்று தீட்டாமல், அனுப்பிய அளவுக்கு வாங்க வேண்டும் என்பதுதான் 2013 நவம்பரில் ரிசர்வ் வங்கி போட்ட நிபந்தனை. ஆக, காகிதம் வேண்டாம் என்பவருக்கும் அந்த வகையில் ஒரு கட்டணம் உண்டு.

கடற்கரையில் இது எப்படிக் கடிக்கிறது?

தூத்துக்குடி மாவட்டத்தில் அரசு உதவி பெரும்பாலும் வங்கிக் கணக்கு வழியாகவே வருகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்கால நிவாரணம் மீனவக் குடும்பத்துக்கு 8,000 ரூபாய். மழைக்காலத்தில் உப்பளம் நின்றுபோகும்போது உப்பளத் தொழிலாளர்களுக்கு 5,000 ரூபாய். தகுதியான குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத்தொகை. திரேஸ்புரத்தில் சங்கு குளிப்பவர் வீட்டிலும், முத்தையாபுரத்தில் உப்பு வாருபவர் வீட்டிலும் ‘பணம் ஏறிடுச்சா?’ என்ற கேள்விக்கு நம்பகமான பதில் பாஸ்புக்தான்.

உரிமைத்தொகையின் முதல் மாதமே இது எவ்வளவு முக்கியம் என்று காட்டியது. 2023 செப்டம்பரில் பணம் வந்த கையோடு, மினிமம் பேலன்ஸ் இல்லை என்று சில வங்கிகள் அந்த ஆயிரத்திலேயே கை வைத்தன. இந்தப் பணத்தைப் பிடித்தம் செய்யக் கூடாது என்று நிதியமைச்சர் தங்கம் தென்னரசு வெளிப்படையாகக் கண்டித்தார். கணக்கைப் பார்த்தவர்கள் கேட்டதால்தான் விஷயம் வெளியே வந்தது. பார்க்காதவர்களுக்கு ஆயிரத்தில் எவ்வளவு போனது என்றே தெரிந்திருக்காது. 2019-20 முதல் 2023-24 வரையிலான ஐந்து ஆண்டுகளில் மினிமம் பேலன்ஸ் அபராதமாகப் பொதுத்துறை வங்கிகள் வசூலித்தது சுமார் 8,500 கோடி ரூபாய் என்று நாடாளுமன்றத்திலேயே சொல்லப்பட்டது. அதன்பின் சில வங்கிகள் இந்த அபராதத்தைக் கைவிட்டிருக்கின்றன.

கட்டணம் பிடித்தார்களா என்று பார்ப்பதற்கே ஒரு கட்டணம் என்றால், பிடிப்பவருக்கு அது எவ்வளவு வசதி!

மூன்று நாள் கணக்கு

பணம் திருடுபோனால் விஷயம் இன்னும் கடுமையாகிறது. 2017 ஜூலை 6-ம் தேதி ரிசர்வ் வங்கி வகுத்த விதி இப்படி: வங்கி மீதும் தவறில்லை, வாடிக்கையாளர் மீதும் தவறில்லை, இடையில் வேறெங்கோ ஓட்டை என்றால், வங்கியிலிருந்து தகவல் கிடைத்த மூன்று வேலை நாட்களுக்குள் புகார் செய்பவருக்கு முழுப் பணமும் திரும்பக் கிடைக்கும். நான்கிலிருந்து ஏழு நாள் என்றால், கணக்கின் வகையைப் பொறுத்து ஒரு வரம்பு வரை நஷ்டத்தை அவரே ஏற்க வேண்டும். அடிப்படை சேமிப்புக் கணக்குக்கு 5,000 ரூபாய், மற்ற சேமிப்புக் கணக்குக்கு 10,000 ரூபாய். ஏழு நாள் தாண்டினால் அந்தந்த வங்கியின் கொள்கைதான். தவறு வங்கியுடையது என்றால் இந்த நாள் கணக்கே கிடையாது. ஓடிபியை நாமே சொல்லிவிட்டால், புகார் செய்யும் வரை போன பணம் போனதுதான்.

தருவைகுளத்திலிருந்து ஆழ்கடலுக்குப் போகும் படகுகள் பல நாள் கடலிலேயே தங்குபவை. சிக்னல் இல்லாத இடத்தில் இருப்பவருக்கு எஸ்எம்எஸ் கரைக்கு வந்த பிறகுதான் வரும். கணக்கோடு இணைத்த நம்பர் மகனுடையது, மகன் திருப்பூரில், அந்த சிம்மும் மாறிவிட்டது என்றால் அதுவும் வராது. இப்படிப்பட்ட வீட்டில் யாராவது ஒருவர் வாரத்துக்கு ஒருமுறை பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு கிளைக்கு நடப்பதுதான் காவல். அங்கே ‘மெஷின் ரிப்பேர், அடுத்த வாரம் வாங்க’ என்று சொல்வதும் கட்டணம் போலத்தான். ரசீது மட்டும் கிடையாது. ஒரு நாள் கூலியும் பஸ் காசும் போகிறது.

வெளிநாட்டில் எப்படி?

அமெரிக்காவில் காகித ஸ்டேட்மென்ட்டுக்கு மாதம் சில டாலர் வாங்கும் வங்கிகள் பல. தமிழர்கள் நிறைந்த கனடாவில் வேடிக்கையான நிலை: தொலைபேசி, கேபிள் நிறுவனங்கள் காகித பில்லுக்குக் காசு வாங்கக் கூடாது என்று 2014 டிசம்பரில் சட்டமே வந்தது. வங்கிகள் அந்தச் சட்டத்துக்குள் வரவில்லை.

நமக்கு உபயோகமான யோசனை ஜெர்மனியில் இருக்கிறது. பழைய ஸ்டேட்மென்ட்டை மறுபடி தர ஒரு பெரிய வங்கி 15 யூரோ வாங்கியது. 2013 டிசம்பரில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது. நகலுக்குக் காசு வாங்கலாம், ஆனால் உண்மையில் ஆகும் செலவை ஒட்டித்தான் வாங்க வேண்டும் என்பது தீர்ப்பின் சாரம்.

இங்கேயும் கோடு அங்கேதான் விழ வேண்டும். தன் பணத்தின் கணக்கைத் தெரிந்துகொள்ளும் முதல் பிரதி, கேட்பவர் கேட்கும் வடிவில், இலவசம். தொலைத்தவருக்கான நகலுக்கு அச்சுக்கூலி. அச்சுக்கூலி என்ற பெயரில் லாபம் வேண்டாம். எஸ்எம்எஸ்ஸுக்கு ‘ஆன அளவுக்கு மட்டும்’ என்று சொல்லத் தெரிந்த ரிசர்வ் வங்கிக்கு, காகித நகலுக்கும் அதையே சொல்வது பெரிய வேலையில்லை. மெஷின் பழுதென்றால் கவுன்டரில் பிரின்ட் எடுத்துத் தர வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொன்னால் நல்லது.

உங்களிடம் வாங்கிவிட்டார்களா?

முதலில், வங்கியின் இணையதளத்தில் உள்ள கட்டணப் பட்டியலில் அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள். சேமிப்புக் கணக்கின் வழக்கமான பாஸ்புக்குக்கோ மாத ஸ்டேட்மென்ட்டுக்கோ பிடித்திருந்தால், 2006 சுற்றறிக்கையைக் குறிப்பிட்டு கிளை மேலாளருக்கு எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். 30 நாளில் பதில் வரவில்லை, அல்லது வந்த பதில் சரியில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். வக்கீல் தேவையில்லை, கட்டணமும் இல்லை. விவரம் கேட்க 14448 என்ற எண் இருக்கிறது.

இணையத்தில் புகார் பதியத் தெரியாத பெற்றோருக்கு ஒரு தகவல்: சண்டிகரில் உள்ள ரிசர்வ் வங்கியின் புகார் மையத்துக்குத் தபாலிலும் அனுப்பலாம். கடிதம் தமிழிலேயே இருக்கலாம். பணம் பிடித்த வரி தெரியும் பாஸ்புக் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து அதோடு இணைக்க மறக்க வேண்டாம்.