நேற்று 79, இன்று 80: ஏறியது கொழுப்பா?

இத்தாலிய மருத்துவர் சாந்தோரியோ, தராசில் தொங்கவிட்ட நாற்காலியில் உட்கார்ந்து ஆண்டுக்கணக்கில் தன்னையே எடை போட்டவர். உண்டதையும் கழித்ததையும்கூட நிறுத்துப் பார்த்தார். கணக்கு இடித்தது. கண்ணுக்குத் தெரியாத வியர்வையாகவும் உடலிலிருந்து எடை வெளியேறுகிறது என்று 1614-இல் வெளியான நூலில் விளக்கினார்.

இன்று எடை குறைக்கப் பாடுபடுகிறவர்களைக் குழப்புவதும் பெரும்பாலும் நீர்தான். ஒரு நாளைக்கு ஒரு கிலோ ஏறி இறங்குவது சாதாரணம். ஒரு கிலோ உடற்கொழுப்பு என்பது சுமார் 7,700 கலோரி. அன்றாடத் தேவைக்கு மேல் அவ்வளவையும் ஒரே கல்யாணப் பந்தியில் தின்றுவிட முடியாது.

அப்படியானால் ஏறியது எது?

பந்தியில் சாப்பிட்ட சோற்றிலும் பாயசத்திலும் உள்ள மாவுச்சத்தின் ஒரு பகுதி, கல்லீரலிலும் தசையிலும் கிளைக்கோஜனாகச் சேர்கிறது. அதன் ஒவ்வொரு கிராமும் சுமார் 3 கிராம் நீரைப் பிடித்துவைக்கும். அப்பளம், ஊறுகாயின் உப்பும் தன் பங்குக்கு நீரை நிறுத்தும். குடலில் இருக்கும் உணவின் எடை வேறு. மாதவிடாய்க்கு முந்தைய நாள்களில் பெண்கள் பலருக்கு உடலில் நீர் தங்கும். டயட் தொடங்கிய முதல் வாரத்தில் மளமளவென்று இறங்குவதிலும் பெரும்பங்கு நீரே.

காலையில் கழிப்பறை போய்வந்து, வெறும் வயிற்றில், ஒரே மெஷினில் எடை பார்த்து, ஏழு நாள் சராசரி எடுப்பது நல்லது. போன வாரச் சராசரி 78.9, இந்த வாரம் 78.4 என்றால், நடுவில் ஒரு நாள் 79.6 காட்டியிருந்தாலும் போக்கு இறங்குமுகம்தான்.

கால் வீக்கம், மூச்சுத்திணறலோடு சில நாள்களில் எடை விறுவிறுவென ஏறினால் மட்டும், சராசரிக்குக் காத்திராமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.