அருகிருந்து காணும் கூத்து

கலைகளுள் சில தொலைவிலிருந்தும் சுவைக்கத் தக்கவை. வீணையின் இசையை வானொலி வழியே கேட்டு மகிழ்வோர் பலர். ஓவியத்தை அச்சுப் படியிற் கண்டு அதன் அழகை உணர்வோரும் உளர். வேறு சில கலைகளோ அருகிருந்து காண்போர்க்கே தம் முழு இயல்பையும் காட்டுவன. ஆடுவோர் மூச்சு வாங்கும் ஓசையும், தோற்கருவியின் அதிர்வும், தீயின் வெம்மையும், நெருங்கி நிற்கும் மக்களின் வியர்வையும் ஒன்றாய்க் கூடும்போதே அவை உயிர் பெறுகின்றன. கண்டி நகரைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களில் மாசித் திங்களில் நிகழும் காமன் கூத்து இவ்வகையைச் சேர்ந்தது. அதனை, அதிலே முதிர்ந்த கலைஞர் ஆட, சில அடி தொலைவில் நின்று காண்பது எத்தகைய அனுபவம், அது ஏன் அத்தகையதாய் அமைகின்றது என்பன ஆராயத் தக்கவை.

கூத்தின் கதை தமிழ் மக்கள் யாவரும் அறிந்ததே. தவத்தில் ஆழ்ந்திருந்த சிவபெருமானின் மோனத்தைக் கலைக்கத் தேவர்கள் மன்மதனை ஏவினர். இரதி தடுத்தும் கேளாது சென்ற மன்மதன் மலர்க்கணை தொடுத்தான். நெற்றிக்கண்ணின் நெருப்பால் எரிந்து சாம்பரானான். கணவனை இழந்த இரதியின் புலம்பலுக்கு இரங்கி இறைவன் அவனை மீண்டும் உயிர்ப்பித்தான். எரிதலும் எழுதலுமாகிய இக்கதை தமிழகத்தின் பல மாவட்டங்களில் மாசித் திங்களிற் பாடி ஆடப்பட்டு வந்தது. அங்கிருந்து கடல் கடந்து வந்த மக்கள் தம் மூட்டை முடிச்சுகளோடு இக்கதையையும் கொண்டுவந்தனர்.

அம்மக்கள் வந்த வரலாறும் கண்டியோடு பிணைந்ததே. 1820ஆம் ஆண்டுகளிற் கண்டிப் பகுதியிற் கோப்பித் தோட்டங்கள் தோன்றலாயின. தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கி, காடுகளினூடே நடந்து மாத்தளையையும் கண்டியையும் அடைந்தனர். வழியில் நோயாலும் பசியாலும் மாண்டோர் பலர். 1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெய்லர் என்பவர் கண்டிக்குத் தென்கிழக்கே லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். பின்னர்க் கோப்பிச் செடிகளை இலைநோய் அழித்தபோது தேயிலை அவற்றின் இடத்தைப் பிடித்தது. பயிர் மாறிற்று, மக்கள் குடியிருந்த லயங்கள் மாறவில்லை. பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவினதான ஒரு காம்பரா ஒரு குடும்பத்துக்கு என்பதே நெடுங்கால வழக்காயிருந்தது. அரங்கமோ மண்டபமோ இல்லாத அம்மக்களுக்கு லயத்தின் முன்னுள்ள மண் தரையே ஆடுகளமாயிற்று. கூத்து நிகழும் திறந்த வெளியைக் காமன் பொட்டல் என்பர்.

மாசி அமாவாசைக்குப் பின், மூன்றாம் பிறையையொட்டிப் பொட்டலிற் காமன் கம்பம் நடப்படுகின்றது. கரும்பு, ஆமணக்கு முதலியவற்றோடு வைக்கோற் பிரியும் சுற்றிய இக்கம்பமே மன்மதனின் சின்னம். மன்மதனாகவும் இரதியாகவும் ஆடுவோர் காப்புக் கட்டி நோன்பிருப்பர். இரதி வேடத்தை ஆடவரே தாங்குவது மரபு. அன்று தொடங்கி முழுமதி நாள்வரை இரவுதோறும் பாட்டும் ஆட்டமும் நிகழும். இரதி மன்மதன் திருமணமும், ஓலை கொண்டுவரும் தூதனின் வருகையும், வீரபத்திரனின் சீற்றமும் கூத்தில் இடம்பெறும். வேடம் பூண்டோர் லயந்தோறும் சென்று வாயிலில் ஆடுவதும் உண்டு. முழுமதி இரவிற் காமதகனம். மூன்றாம் நாள் உயிர்ப்பித்தல். ஏறக்குறைய அரைத் திங்கள் நீளும் இக்கலையை நடத்துவோர் பகலெல்லாம் மலையில் உழைத்து, மறுநாட் காலையும் வேலைக்குச் செல்ல வேண்டிய தொழிலாளரே.

கூத்துக்கு உயிராவது தப்பு. வட்டமான மரச்சட்டத்தில் தோலை இழுத்துக் கட்டிய எளிய கருவி அது. ஒரு கையிற் குட்டையான தடித்த குச்சியும் மறு கையில் நீண்ட மெல்லிய குச்சியும் கொண்டு அடிப்பர். மலைநாட்டு இரவின் பனியில் தோல் ஈரத்தை உறிஞ்சித் தளர்ந்துவிடும். தளர்ந்த தோல் மழுங்கிய ஓசையே தரும். ஆகையால் வைக்கோலையும் சருகையும் கொளுத்தி அத்தீயிலே தப்பைக் காய்ச்சுவர். வெப்பத்தால் ஈரம் அகன்று தோல் சுருங்க, இழுவிசை மிகுந்து சுருதி உயர்கின்றது. முதிர்ந்த கலைஞர் தோலை விரலாற் சுண்டிப் பார்த்தே பதத்தை அறிவார். சற்று மிகுந்தால் தோல் கிழியும். சற்றுக் குறைந்தால் ஓசை எழாது. கூத்து நடக்கும் இரவு முழுவதும் பலமுறை தப்புக்காரர் தீயண்டை சென்று மீள்வதை அருகில் நிற்போர் காணலாம்.

இதே கருவிக்குத் தோட்ட வாழ்வில் மற்றொரு பணியும் இருந்தது. விடியுமுன் தொழிலாளரை எழுப்பிப் பிரட்டுக்களத்துக்கு அழைத்ததும் தப்பே. காலையில் துரையின் ஆணையாய் ஒலித்த அது, மாசி இரவில் மக்களின் சொந்தக் குரலாய் ஒலித்தது. தம்மை வேலைக்குத் துரத்திய ஓசையையே தம் மகிழ்ச்சிக்கும் துயருக்கும் உரியதாக அம்மக்கள் மாற்றிக்கொண்டதை எண்ணும்போது, அவ்வடியில் ஒலிக்கும் வேகத்தின் பொருள் விளங்கும்.

இனி, அருகிருந்து காண்பதன் சிறப்பைக் கருதுவோம். லயங்களுக்கிடையே உள்ள பொட்டல் பெரும்பாலும் சிறியது. ஆடுவோரைச் சுற்றி மக்கள் தோளோடு தோள் நெருங்கி நிற்பர்; குழந்தைகள் முன்வரிசையில் அமர்ந்திருப்பர். புறத்தே மலைக்குளிர் வாட்டினாலும், வட்டத்தினுள்ளே தீயும் மூச்சும் ஆட்டமும் சேர்ந்து புழுக்கத்தை உண்டாக்கும். வேடம் கட்டும் காம்பராவிலோ புழுக்கம் இன்னும் மிகுதி. ஒரு குடும்பத்துக்கே போதாத அச்சிற்றறையில் ஆடுவோரும், ஒப்பனை செய்வோரும், பார்க்க வந்த சிறுவரும் நிறைந்திருக்க, முகத்திற் பூசிய வண்ணம் உலருமுன் வியர்வை அதனைக் கரைக்கும்.

இந்நெருக்கத்தின் பயன் யாது? திறந்த வெளியில் நாற்புறமும் பரவும் ஓசையின் செறிவு, தொலைவு இருமடங்காகும்போது நான்கில் ஒரு பங்காகக் குறைகின்றது. எனவே ஐந்தடியில் நிற்பவர் பெறும் ஓசைக்கும் ஐம்பதடியில் நிற்பவர் பெறும் ஓசைக்கும் உள்ள வேறுபாடு நூறு மடங்காகும். தப்பின் அடி நொடிப்பொழுதில் உச்சத்தை எட்டித் தணிவது. ஒலிவாங்கியும் ஒலிபெருக்கியும் அந்த உச்சத்தை எளிதிற் பிடிப்பதில்லை; அதன் கூர்மை மழுங்கியே வெளிப்படும். வானொலியில் தாளம் கேட்கும், நெஞ்சு அதிர்வதில்லை. அருகில் நிற்பவரோ அதனைச் செவியால் மட்டுமன்றி உடல் முழுவதாலும் கேட்கின்றார்.

இரண்டாவது பயன் முதிர்ந்த கலைஞரைப் பற்றியது. இளைஞர் ஒருவர் மன்மதனாய்ச் சுழன்று ஆடுகையில் அவரது வலிமை தொலைவிலிருந்தே புலப்படும். அறுபதைக் கடந்த வாத்தியாரின் ஆட்டம் அத்தகையதன்று. அவர் அடியெடுத்து வைப்பது சிறிது. ஆனால் தாளம் விழுமிடத்திற் கால் தவறாது விழும். பாட்டின் நடுவே மூச்சைத் திரட்டிக்கொள்ளும் இடம், தப்புக்காரருக்குக் கண்ணசைவாற் குறிப்புத் தரும் கணம், மறந்து நிற்கும் இளையவருக்கு அடுத்த அடியை மெல்ல எடுத்துக் கொடுக்கும் பாங்கு ஆகியவை சில அடி தொலைவில் நிற்போருக்கே தெரியும். கூத்தின் பாடல்கள் பெரும்பாலும் வாய்மொழியாகவும், சில குடும்பங்களிற் கையெழுத்துக் குறிப்பேடுகளாகவுமே வழங்கி வந்துள்ளன. அவற்றைக் கற்க விழைவோருக்கு வாத்தியாரின் அருகே நிற்பதே பள்ளி.

காமதகன இரவில் இவ்வியல்பு உச்சம் அடைகின்றது. சிவன் வேடம் பூண்டவர் உயர்ந்த பரண்மீது அமர்ந்திருப்பார். நெற்றிக்கண் திறந்ததைக் காட்டும் தீ, கட்டிய கயிற்றின் வழியே பாய்ந்து சென்று கம்பத்தைப் பற்றும். வைக்கோல் கொழுந்துவிட்டு எரிய, வெப்பம் தாளாது மக்கள் ஓரடி பின்வாங்குவர். அப்பொழுதே இரதியின் ஒப்பாரி எழும். பாடுபவர் ஆடவர் என்பதும், முந்திய நாள் அவரோடு மலையில் வேலை செய்ததும் எல்லோருக்கும் தெரியும். எனினும் பெண்கள் பலர் கண்ணீர் விடுவர். கணவரையும் மக்களையும் இழந்தோர் தம் துயரையும் அவ்வொப்பாரியோடு சேர்த்து அழுதுகொள்வர். ஆடுவோரும் காண்போரும் வேறல்லர் என்ற நிலை அங்கே தோன்றுகின்றது.

இது மலைநாட்டுக்கு மட்டும் உரிய உண்மையன்று. மேனாட்டில் 1970ஆம் ஆண்டுகளின் நடுவே பங்க் என்னும் முரட்டு இசை தோன்றியது. நுண்ணிய பயிற்சியைப் பொருட்படுத்தாது, சுருக்கமான பாடல்களை மிகுந்த வேகத்தோடும் சினத்தோடும் பாடிய இளைஞரின் இசை அது. அது வளர்ந்த இடங்கள் பெரிய அரங்குகளல்ல. 1976ஆம் ஆண்டு செப்டெம்பரில் இலண்டன் ஆக்ஸ்போர்டு வீதியில், நிலவறையொன்றில் அமைந்த ஹண்ட்ரட் கிளப் என்னும் விடுதியில் இரு நாள் விழா நடந்தது. சில நூறு பேர் மட்டுமே நிற்கக்கூடிய, காற்றோட்டம் குறைந்த இடம் அது. அன்றைய இளைஞருட் சிலர் இன்று நரைத்த தலையினராய் அத்தகைய சிறு விடுதிகளிற் பாடுகின்றனர். புழுக்கத்தையும் நெருக்கடியையும் பொறுத்துக்கொண்டு முதியோரும் இளையோரும் அவர்களைக் காணச் செல்கின்றனர். இசைத்தட்டிற் கேட்கக் கூடியதைக் கேட்பதற்காக எவரும் அத்துணை இடர்ப்படுவதில்லை. மேடைக்கும் மக்களுக்கும் இடையே தொலைவு இல்லாமையே அவர்களை ஈர்க்கின்றது. கதையாலும் நாட்டாலும் வேறுபட்டாலும், காமன் பொட்டலில் நிற்பவரை ஈர்ப்பதும் அதுவே.

கூத்தை அதன் களத்திலிருந்து பெயர்த்து மேடைக்குக் கொண்டுவந்த முயற்சியும் கண்டிக்கு அண்மையிலேயே நடந்தது. பேராதனைப் பல்கலைக்கழகத்திற் பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திர நாடகம் என்னும் சிங்கள நாட்டார் கூத்து மரபைத் தழுவி 1956ஆம் ஆண்டில் ‘மனமே’ நாடகத்தை அளித்தார். அவ்வழியில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்து மரபை எடுத்து, 1962ஆம் ஆண்டில் ‘கர்ணன் போர்’, 1964ஆம் ஆண்டில் ‘இராவணேசன்’ முதலியவற்றை மாணவரைக் கொண்டு மேடையேற்றினார். கிராமத்து அண்ணாவிமாரின் கலை இதனாற் கற்றோரிடையே மதிப்புப் பெற்றது. அம்மதிப்புக்கு ஒரு விலையும் இருந்தது. விடியும்வரை வட்டக்களரியில் ஆடப்பட்ட கூத்து, மேடைக்கேற்பச் சுருக்கப்பட்டது. நாற்புறமும் சூழ்ந்திருந்த மக்கள் ஒருபுறம் இருக்கையில் அமர்ந்தனர். மேடைக் கூத்து அழிவிலிருந்து ஒரு மரபைக் காத்தது என்பதில் ஐயமில்லை. ஆயினும் களரியின் வேலையை மேடை முழுவதும் செய்துவிட முடியாது. இரண்டும் வேண்டற்பாலன.

காமன் கூத்துக்கு நேர்ந்த இடர்கள் வேறு. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் மலைநாட்டுத் தமிழரிற் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964ஆம் ஆண்டின் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரின் நிலை பின்னர்த் தீர்மானிக்க விடப்பட்டது. ஒரே லயத்திற் பிறந்து வளர்ந்தோர் இரு நாட்டினராய்ப் பிரிந்தனர். இரதியாய் ஆடியவர் கப்பலேற, மன்மதனாய் ஆடியவர் தோட்டத்தில் எஞ்சிய கதையை எந்தப் புள்ளிவிவரமும் கூறாது. எஞ்சியோரின் குடியுரிமைக் குறை 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரே பெரிதும் தீர்ந்தது.

இன்று இளைஞர் பலர் வேலை தேடிக் கொழும்பு முதலிய நகரங்களுக்குச் செல்கின்றனர்; அரைத் திங்கள் நோன்பிருந்து ஆட அவர்களுக்கு விடுப்பு இல்லை. தப்படித்தலைச் சாதி இழிவின் அடையாளமாகக் கருதி அதனைக் கைவிட்டோரும் உளர். அவர்தம் மனப்புண்ணை எளிதாய் எண்ணுதல் தகாது. ஏனெனில் கட்டாயத்தின் பேரில் அடித்த கருவியை விட்டொழிக்க ஒருவருக்கு முழு உரிமை உண்டு. ஆயினும் அதே கருவியைத் தன்மதிப்பின் குறியாக ஏந்தும் இளைஞரும் பெண்களும் இந்நாளில் ஈழத்திலும் தமிழகத்திலும் பெருகி வருகின்றனர். அவர்களுக்குக் கற்பிக்க வல்ல முதியோரின் தொகையோ ஆண்டுதோறும் குறைகின்றது.

ஒலிப்பதிவும் படப்பதிவும் பாடலின் சொற்களைக் காக்கும். ஆட்டத்தின் வடிவையும் ஓரளவு காக்கும். தோலின் பதத்தை விரலால் அறிதலையும், மூச்சை எங்கே திரட்டுவது என்பதையும் அவை கற்பிக்கமாட்டா. அவை ஒருவர் அருகே மற்றொருவர் நின்று பெறும் அறிவு. மாசித் திங்களிற் கண்டிப் பக்கம் செல்வோர் தலதா மாளிகையையும் பூந்தோட்டத்தையும் கண்டு திரும்புவதோடு அமையாது, அந்தி சாய்ந்த பின் அந்தானையிலோ தெல்தோட்டையிலோ தப்போசை கேட்குமாயின், தோட்டத்தாரின் இசைவு பெற்று அங்கே செல்வார்களாக. ஒதுங்கி நின்று பார்ப்போர்க்கும் அங்கே இடம் உண்டு. தீக்கருகே நெருங்கி நிற்போரையே வாத்தியார் நிமிர்ந்து பார்ப்பார்.