சொல்லிக் கொடுக்காத பாடம்

நான்கு வயதுக் குழந்தை பந்தைத் தேடிவிட்டு வந்து 'தேடினேன்' என்கிறது. பூனையைத் தொட்டுவிட்டு 'தொட்டேன்' என்கிறது. 'தொடினேன்' என்று அநேகமாகச் சொல்வதில்லை. ஆடு, பாடு, ஓடு, மூடு, தேடு எல்லாம் ஒரு வழியில் போகின்றன. சுடு, நடு, விடு, தொடு எல்லாம் வேறு வழியில் போகின்றன. முதல் எழுத்து நெடிலா குறிலா என்பதில் இருக்கிறது சூட்சுமம். அதற்குள்ளும் 'போடு' முரண்டு பிடிக்கும். 'எடு', 'கொடு' இரண்டும் மூன்றாவது வழியைப் பிடிக்கும். இத்தனையும் குழந்தைக்குத் தெரிந்திருக்கிறது. ஏன் அப்படிச் சொல்கிறாய் என்று கேட்டால் விழிக்கும். அதன் அம்மாவைக் கேட்டாலும் பதில் வராது. அவரும் இலக்கணம் படித்து இதைக் கற்கவில்லை.

சமையலறையில் நிற்கும் பாட்டிக்கும் இதே கதைதான். குழம்புக்கு உப்பு எவ்வளவு என்று கேட்டால் 'ஒரு கை' என்பார். அந்தக் கை, பானையின் அளவையும் புளியின் கரைசலையும் பார்த்துத் தானாகக் கூடும், குறையும். கைப்பக்குவம் என்று நாம் சொல்வது, பல்லாயிரம் முறை பார்த்ததையும் செய்ததையும் மூளை சத்தமில்லாமல் தொகுத்து வைத்த கணக்கு.

இந்தச் சத்தமில்லாத கற்றலுக்கும், யோசித்துத் திட்டமிடும் மூளைக்கும் என்ன உறவு? இரண்டும் கைகோத்துப் போகும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆய்வுகள் காட்டும் படம் அப்படி இல்லை. நம் உணவுப் பழக்கம், பிள்ளைகளின் படிப்பு, வீட்டுப் பெரியவர்களின் நடை மூன்றிலும் இந்த உறவுக்குப் பங்கு உண்டு.

எட்டு மாதத்தில் தொடங்கும் கணக்கு

1996-ல் அமெரிக்காவின் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஜென்னி சாஃப்ரன், ரிச்சர்ட் ஆஸ்லின், எலிசா நியூபோர்ட் மூவரும் எட்டு மாதக் குழந்தைகளுக்கு ஓர் ஒலிநாடாவைப் போட்டார்கள். பிடாகு, பாடோட்டி, கோலாபு என்று பொருளில்லாத சொற்கள். இடைவெளி கிடையாது, ஏற்ற இறக்கமும் கிடையாது. ஒரே இழுப்பாக ஓடும் ஒலி. இரண்டே நிமிடம். அதன் பிறகு அதே சொற்களையும், அசைகளைக் கலைத்துப் போட்ட புதுச் சேர்க்கைகளையும் கேட்கவைத்தார்கள். புதுச் சேர்க்கைகளைக் குழந்தைகள் கூடுதல் நேரம் கவனித்தன. எந்த அசைக்குப் பின் எந்த அசை வரும் என்ற கணக்கு, பேச்சே வராத அந்த வயதில் அதற்குள் பதிந்திருந்தது.

பெரியவர்களிடமும் இதைச் சோதிக்க ஒரு வழி உண்டு. 1987-ல் மேரி ஜோ நிசெனும் பீட்டர் புல்லமரும் திரையில் நான்கு இடங்களில் மாறிமாறி விளக்கு எரியவைத்து, அதற்கு நேரான பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். விளக்குகள் பத்து படிகள் கொண்ட ஒரே வரிசையில் திரும்பத் திரும்ப வந்தன. போகப் போக விரல்கள் வேகமெடுத்தன. கோர்சகாஃப் நோயாளிகளும் இதில் பங்கேற்றார்கள். பெரும்பாலும் நீண்டகாலக் குடியால் உடலில் தயமின் என்னும் பி1 வைட்டமின் வற்றி, புதிய நினைவுகளைச் சேர்க்க முடியாமல் போனவர்கள் இவர்கள். ஏதோ ஒரு வரிசை இருக்கிறது என்பதே அவர்களுக்குத் தெரியவில்லை. ஆனாலும் அவர்களுடைய விரல்கள் கற்றுக்கொண்டன.

நெற்றிக்குப் பின்னால் ஒரு மேற்பார்வை

நெற்றி எலும்புக்குப் பின்னால் இருக்கும் முன்மூளைப் பகுதியின் வேலை வேறு. வந்த ஆசையை அடக்குவது, ஒரு எண்ணை மனதில் பிடித்துக்கொண்டே இன்னொன்றைக் கூட்டுவது, ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவது. இவற்றை நிர்வாகத் திறன்கள் என்கிறார்கள். 'சிவப்பு' என்ற சொல்லைப் பச்சை மையில் எழுதி, மையின் நிறத்தை மட்டும் சொல்லச் சொன்னால் நாக்கு ஒரு கணம் தடுமாறும். வாசிப்பது ஊறிப்போன பழக்கம். அதை நிறுத்திவிட்டு நிறத்தைச் சொல்வது நிர்வாகம். 1935-ல் ஜான் ரிட்லி ஸ்ட்ரூப் வெளியிட்ட இந்தத் தேர்வை மருத்துவர்கள் இன்றும் பயன்படுத்துகிறார்கள்.

இந்தப் பகுதி முழுதாக முதிர்வதற்கு இருபது வயதைத் தாண்டிவிடும். பதின்வயதுப் பிள்ளைகளைத் திட்டுவதற்கு முன் பெற்றோர் இதை ஒருமுறை நினைத்துக்கொள்வது நல்லது.

இழுபறி

ஹங்கேரியின் கரோலினா யனாச்செக்கும் டெஷோ நேமெத்தும் 4 வயது முதல் 85 வயது வரை உள்ளவர்களுக்கு விளக்கு-பொத்தான் விளையாட்டைப் போன்ற தேர்வு வைத்து, முடிவுகளை 2012-ல் வெளியிட்டார்கள். ஒளிந்திருக்கும் ஒழுங்கை உணராமலே பிடித்துக்கொள்வதில் சுமார் 12 வயது வரையிலான பிள்ளைகள் முன்னால் இருந்தார்கள். அதற்கு மேல் சரிவு. முன்மூளை வலுப்பெறும் காலமும் ஏறத்தாழ அதுதான்.

தற்செயலா? பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எலியனோர் ஸ்மால் குழுவினர் அதைத்தான் துருவினார்கள். காந்தத் துடிப்பால் முன்மூளையைச் சற்று மட்டுப்படுத்தியும், கடினமான வேலை கொடுத்து மனதைக் களைக்கவைத்தும் பார்த்தார்கள். பெரியவர்கள் புதிய ஒலித்தொடர்களின் ஒழுங்கை, வழக்கத்தைவிட நன்றாக, தங்களை அறியாமலே கற்றார்கள். இது 2022-ல் வெளிவந்தது. 2024-ல் நேமெத்தின் குழு இன்னொரு கோணத்தில் வந்தது. நிர்வாகத் திறன் தேர்வுகளில், குறிப்பாக நினைவிலிருந்து சொற்களை விரைந்து எடுத்துச் சொல்லும் தேர்வுகளில், மேலே இருந்தவர்கள் உணராமலே கற்பதில் சற்றுக் கீழே இருக்கும் போக்கை அது கண்டது.

முன்மூளை தனக்குத் தெரிந்த விதியைத் தேடும், ஊகிக்கும், சோதிக்கும். அந்தத் தேடலே கண் முன்னால் ஓடும் ஒழுங்கை மறைத்துவிடலாம் என்பது ஒரு விளக்கம். எல்லா ஆய்வுகளும் இதில் ஒரே குரலில் பேசுவதில்லை. தேர்வின் வகையைப் பொறுத்து முடிவு மாறுகிறது. ஆனாலும் விளையாட்டுத் திடலில் இதை யாரும் பார்க்கலாம். 1992-ல் ரிச் மாஸ்டர்ஸ் சிலருக்கு கோல்ஃப் பந்தைக் குழியில் தள்ளப் பழக்கினார். ஒரு குழுவுக்கு விளக்கமான குறிப்புகள். இன்னொரு குழு, கண்டபடி எழுத்துகளைச் சொல்லிக்கொண்டே அடித்துப் பழகியது. பணமும் மதிப்பீடும் வைத்து நெருக்கடி கொடுத்தபோது, குறிப்புகளை மனதில் ஏற்றியவர்கள் திணறினார்கள். எழுத்துகளை முணுமுணுத்தவர்களின் கை தொடர்ந்து மேம்பட்டது.

டிவி ஓடும் அறையில் படிப்பு

அப்படியானால் கவனத்தைச் சிதறவிட்டே படிக்கலாமா? கூடாது. காரணம் இதுதான்.

2006-ல் கரின் ஃபோர்ட், பார்பரா நோல்டன், ரஸ்ஸல் போல்ட்ராக் மூவரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சீட்டுகளில் உள்ள வடிவங்களைப் பார்த்து, மழையா வெயிலா என்று கணிக்கப் பழக வேண்டும். ஒரு முறை அமைதியாகப் பழகினார்கள். இன்னொரு முறை காதில் விழும் 'பீப்' ஒலிகளை எண்ணிக்கொண்டே பழகினார்கள். கணிப்பில் இரண்டும் ஏறத்தாழ சமம். வித்தியாசம் பிறகு தெரிந்தது. அமைதியாகக் கற்ற அறிவை வேறு வகைக் கேள்விக்கும் திருப்பிப் பயன்படுத்த முடிந்தது; ஒலிகளை எண்ணிக்கொண்டே கற்றதை அவ்வளவாகப் பயன்படுத்த முடியவில்லை. முதல் வகையில் நினைவைச் சேமிக்கும் ஹிப்போகேம்பஸ் வேலை செய்தது. இரண்டாம் வகையில் பழக்கத்தின் இருப்பிடமான ஸ்ட்ரையாட்டம்.

பாட்டுக்கு ஸ்ருதியும் சைக்கிளுக்குச் சமநிலையும் உடம்பில் ஊறினால் போதும். வேதியியல் கணக்குக்கு அது போதாது; தேர்வில் கேள்வி வேறு உருவத்தில் வரும். படிக்கும் பிள்ளையின் பக்கத்தில் போனை வைக்காதீர்கள் என்று சொல்ல இந்த ஒரு காரணமே போதும்.

நமத்துப்போன பாப்கார்ன்

உணராமல் கற்கும் மூளைக்கு நல்லது கெட்டது தெரியாது. எது திரும்பத் திரும்ப வருகிறதோ அதைப் பிடித்துக்கொள்ளும், அவ்வளவுதான். மாலை நான்கு மணி, டீ, கூடவே ஒரு வடை: இந்த வரிசையும் அதற்கு ஒரு பாடம்.

2011-ல் டேவிட் நீல், வெண்டி வுட் குழுவினர் அமெரிக்காவில் படம் பார்க்க வந்தவர்களுக்குப் பாப்கார்ன் கொடுத்தார்கள். சிலருக்கு அப்போது பொரித்தது. சிலருக்கு ஏழு நாள் ஆகி நமத்துப்போனது. திரையரங்கில் பாப்கார்ன் கொறித்தே பழகியவர்கள் நமத்ததையும் அதே அளவு தின்றார்கள். பிடித்திருந்ததா என்றால், இல்லை என்றார்கள். கூட்ட அறையில் உட்காரவைத்தபோது அந்தப் பழக்கம் வேலை செய்யவில்லை. வழக்கமாகப் பயன்படுத்தாத கையால் தின்னச் சொன்னபோதும் கை நின்றது. இடமோ கையோ மாறியதும் முன்மூளைக்கு மூக்கை நுழைக்க இடம் கிடைத்தது.

மன அழுத்தம் இந்த வாய்ப்பையும் பறிக்கும். ஜெர்மனியில் லார்ஸ் ஷ்வாபேயும் ஆலிவர் வோல்ஃபும் 2009-ல் வெளியிட்ட ஆய்வில், பனிக்கட்டித் தண்ணீரில் கை வைக்கச் சொல்லி அழுத்தம் ஏற்றப்பட்டவர்கள், ஒரு சுவையைத் திகட்டத் திகட்டத் தின்ற பிறகும் அதைத் தரும் பொத்தானையே தேர்ந்தெடுத்தார்கள். வேலை நெருக்கடியில் இருக்கும் சர்க்கரை நோயாளியிடம் 'மனக்கட்டுப்பாடு இல்லை' என்று குறை சொல்வது எவ்வளவு அநியாயம்! கட்டுப்படுத்த வேண்டிய பகுதியே அப்போது தளர்ந்திருக்கிறது. மிக்சர் டப்பாவைக் கண்ணில் படாத பரணுக்கு ஏற்றுவதும், டீ குடிக்கும் நாற்காலியை இடம் மாற்றுவதும் அவருக்கு உண்மையான உதவி. புதுப் பழக்கத்துக்குப் பொறுமையும் வேண்டும். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலி குழுவினர் 96 பேரைப் பின்தொடர்ந்தபோது, ஒரு செயல் தானாக நடக்கும் நிலைக்கு வர நடுவாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள் என்று கணக்கிட்டார்கள்.

பழக்கம் உதிரும்போது

மழையா வெயிலா சீட்டு விளையாட்டை நோல்டன் 1996-லேயே இரண்டு வகை நோயாளிகளிடம் வைத்துப் பார்த்திருந்தார். நினைவிழந்தவர்கள் மெல்ல மெல்லக் கணிக்கக் கற்றார்கள். ஆனால் பயிற்சியில் நடந்ததைக் கேட்டால் தெரியவில்லை. பார்க்கின்சன் நோயாளிகளுக்குப் பயிற்சியில் நடந்தது நன்றாக நினைவிருந்தது, கணிப்புதான் வரவில்லை. 1817-ல் லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் விவரித்த இந்த நோயில், டோபமைன் சுரக்கும் செல்கள் அழிந்து ஸ்ட்ரையாட்டம் வறண்டுபோகிறது. ஐம்பது அறுபது ஆண்டுகளாகத் தானாக நடந்த நடை, இனி ஒவ்வோர் அடியாக யோசித்து வைக்க வேண்டிய வேலையாகிறது. தானியங்கிக்குப் பதிலாக மேற்பார்வையாளரே இறங்கி வண்டியைத் தள்ளுகிறார். அவருக்கும் இந்த நோயில் பலம் குறைகிறது.

அதனால்தான் வாசற்படியில் கால் ஒட்டிக்கொண்டு நிற்கும் ஒருவர், தரையில் ஒட்டிய பட்டைக் கோடுகளைக் கண்டதும் ஒவ்வொன்றாகத் தாண்டி நடக்கிறார். ஒன்று, இரண்டு என்று தாளம் எண்ணினாலும் கால் எழுகிறது. வெளியிலிருந்து வரும் அடையாளம், உள்ளே அறுந்த வரிசைக்கு மாற்றாக நிற்கிறது. பிசியோதெரபிஸ்டுகள் இதை அன்றாடம் பயன்படுத்துகிறார்கள்.

பார்க்கின்சன் இல்லாத முதியவர்களிடமும் இந்தப் பாரமாற்றம் மெல்ல நடக்கும். ஸ்வீடனில் லில்லெமோர் லுண்டின்-ஓல்சன் குழுவினர் இதை ஓர் எளிய வழியில் பார்த்தார்கள். முதியோர் இல்லத்தில் இருந்த 58 பேருடன் நடந்துகொண்டே பேச்சுக் கொடுத்தார்கள். 12 பேர் பதில் சொல்ல நின்றுவிட்டார்கள். அந்த 12 பேரில் 10 பேர் அடுத்த ஆறு மாதத்துக்குள் கீழே விழுந்தார்கள். 1997-ல் லான்செட் இதழில் வந்த முடிவு இது.

காபி டம்ளரைக் கையில் ஏந்தி, போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு கூடத்தைக் கடக்கும் தாத்தாவுக்கு ஒரே நேரத்தில் மூன்று வேலை. போன் மணி அடித்தால் உட்கார்ந்த பிறகு எடுக்கச் சொல்ல வேண்டும். குளியலறை வாசலில் நிற்கிறவரைப் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது. நடக்கும்போது ஒரு கை மட்டும் வீசாமல் தொங்குவது, கையெழுத்து நாளுக்கு நாள் சிறுத்துப்போவது, ஓய்வில் இருக்கும் விரல் நடுங்குவது, குரல் மெலிவது, மோப்பம் குறைவது ஆகியவற்றில் எது தென்பட்டாலும் நரம்பியல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். போகும்போது 'பேசினால் நடை நின்றுவிடுகிறது' என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள். நோயாளி அதைத் தானாகச் சொல்ல மாட்டார். தான் நிற்பது அவருக்கே தெரிந்திருக்காது.