குழந்தையும் செல்லப்பிராணியும்: பாதுகாப்பும் பராமரிப்பும் ஒரே பாடம்

நாயோ பூனையோ வளரும் வீட்டில் குழந்தை கற்றுக்கொள்ள வேண்டியவை இரண்டு. கடிபடாமல், நோய் தொற்றாமல் பிராணியுடன் பழகுவது ஒன்று. அந்தப் பிராணி பசி, வலி, பயம் இல்லாமல் வாழப் பார்த்துக்கொள்வது மற்றொன்று. இரண்டுக்கும் அடிப்படை ஒன்றுதான்: எதிரில் இருக்கும் உயிர் எந்த நிலையில் இருக்கிறது என்று கவனித்து, அதற்கேற்ப நடந்துகொள்வது. சாப்பிட்டுக்கொண்டிருக்கும் நாயின் பக்கம் போகாத குழந்தை நாயை நிம்மதியாகச் சாப்பிட விடுகிறது, தன்னையும் காத்துக்கொள்கிறது. இந்தப் பழக்கத்தை ஊட்டுவதும், தடுப்பூசி, மருத்துவம், சட்டம் ஆகியவற்றுக்குப் பொறுப்பேற்பதும் பெரியவர்களின் கடமை.

குழந்தைகளுக்கு ஏன் ஆபத்து அதிகம்?

வெறிநாய்க்கடி நோய் எனப்படும் ரேபிஸால் உலகில் ஆண்டுக்குச் சுமார் 59,000 பேர் இறக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. இதில் ஏறத்தாழ 36 சதவீதம் இந்தியாவில் நிகழ்கிறது. ரேபிஸ் சந்தேகத்துக்குரிய விலங்குகளிடம் கடிபடுவோரில் 40 சதவீதம் பேர் 15 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். மனிதர்களுக்கு இந்நோய் வருவது 99 சதவீதம் வரை நாய்கள் வழியாகத்தான்.

காரணங்கள் வெளிப்படையானவை. சிறு குழந்தையின் முகம் நாயின் வாய்க்கு நேர் உயரத்தில் இருக்கிறது. அதனால் பெரியவர்களுக்குக் காலில் விழும் கடி, குழந்தைகளுக்கு முகத்திலும் தலையிலும் கழுத்திலும் விழுகிறது. கடித்த இடம் மூளைக்கு எவ்வளவு அருகில் இருக்கிறதோ அவ்வளவு விரைவாக ரேபிஸ் கிருமி மூளையை அடையும். திட்டு விழும் என்ற பயத்தில் குழந்தை கடியை மறைத்துவிடுவது இன்னொரு பெரிய ஆபத்து. நாய்க்குட்டியின் பல் லேசாகப் பட்டது, பூனை பிறாண்டியது போன்றவை வீட்டாரின் காதுக்கே வராமல் போய்விடுகின்றன.

ஆபத்து தெருநாயிடம் மட்டும் இல்லை. 2024 மே மாதம் சென்னையில் ஒரு மாநகராட்சிப் பூங்காவில் 5 வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறியவை, ஒருவர் வளர்த்த இரண்டு ராட்வீலர் நாய்கள். நாய்களின் உரிமையாளர் கைது செய்யப்பட்டார்.

பிராணி காட்டும் அறிகுறிகள்

பெரும்பாலான நாய்கள் கடிப்பதற்கு முன்பே எச்சரிக்கின்றன. அந்த எச்சரிக்கையைப் படிக்கக் குழந்தைக்குக் கற்றுத்தர முடியும். உடல் விறைத்து நிற்பது, காதுகள் பின்னால் படிவது, கண்ணின் வெள்ளை விழி ஓரமாகத் தெரிவது, வால் கால்களுக்கிடையே செருகுவது, பல்லைக் காட்டி உறுமுவது ஆகியவை ‘விலகிப் போ’ என்பதற்கான அடையாளங்கள். களைப்போ உணவோ இல்லாதபோது அடிக்கடி கொட்டாவி விடுவதும் உதட்டை நக்குவதும் நாய் சங்கடத்தில் இருப்பதைக் காட்டும். வால் ஆட்டினாலே அன்பு என்பது தவறான எண்ணம். உடல் தளர்ந்து, வால் அகலமாக அசைந்தால் நட்பு. உடல் விறைத்து, தூக்கிய வால் மட்டும் வேகமாகத் துடித்தால் எச்சரிக்கை.

உறுமும் நாயை அடித்து அடக்குவது பெரியவர்கள் செய்யும் தவறு. உறுமக் கூடாது என்று பழக்கப்பட்ட நாய், அடுத்த முறை எச்சரிக்காமலே கடிக்கலாம். பூனை காதை மடக்கி, வாலைத் தரையில் அடித்தால் கொஞ்சியது போதும் என்று பொருள். அப்போது கையை எடுத்துவிட வேண்டும்.

தொடுவதற்கு முன்

அடுத்தவர் நாயைத் தொடுவதற்கு முன் உரிமையாளரிடம் கேட்க வேண்டும். அவர் சம்மதித்தாலும் நாயின் சம்மதமும் தேவை. குழந்தை பக்கவாட்டில் திரும்பி நின்று, கையைத் தொங்கவிட்டு, நாய் தானே வந்து முகர்ந்து பார்க்கும்வரை காத்திருக்கலாம். நாய் அருகில் வந்து உடலைத் தளர்த்தினால் கழுத்தின் பக்கத்திலோ மார்பிலோ மெதுவாகத் தடவலாம். வராமல் முகத்தைத் திருப்பிக்கொண்டால் அதை அப்படியே விட்டுவிட வேண்டும்.

கழுத்தைக் கட்டிக்கொண்டு முத்தம் கொடுப்பது குழந்தைக்குப் பாசம். பல நாய்களுக்கு அது பிடித்து அழுத்தப்படும் உணர்வு. முகத்தில் கடிபட அதுவே காரணமாகிவிடும். சாப்பிடும், தூங்கும், குட்டிக்குப் பால் கொடுக்கும், நோயுற்ற, கட்டிவைக்கப்பட்ட நாயிடம் எந்தக் குழந்தையும் போகக் கூடாது. 5 வயதுக்கு உட்பட்ட குழந்தையை, எவ்வளவு சாதுவான நாயாக இருந்தாலும், அதனுடன் தனியே விடக் கூடாது. பெரியவர் பக்கத்து அறையில் இருப்பது கண்காணிப்பு ஆகாது.

தெருநாய் எதிரே வந்தால்

ஓடினால் நாய் துரத்தும். கத்துவதும் கையை ஆட்டுவதும் அதை மேலும் கிளறிவிடும். குழந்தை மரம்போல அசையாமல் நின்று, கைகளை உடலோடு சேர்த்து, நாயின் கண்ணைப் பார்க்காமல் தரையைப் பார்க்க வேண்டும். ஆர்வம் தீர்ந்து நாய் நகர்ந்த பிறகு, முதுகைக் காட்டாமல் மெல்லப் பின்வாங்கலாம். நாய் தள்ளி விழுத்திவிட்டால் முழங்காலை மடக்கிச் சுருண்டு, கைகளால் கழுத்தையும் காதுகளையும் மூடிக்கொள்ள வேண்டும். வீட்டுக் கூடத்தில் விளையாட்டாகப் பலமுறை செய்து பார்த்தால்தான் பயத்திலும் இது நினைவுக்கு வரும்.

எச்சில் வழிந்து, தள்ளாடி, குரல் மாறி, கண்டதையெல்லாம் கடிக்கும் நாய்க்கு ரேபிஸ் இருக்கலாம். நோயுற்ற நாய் ஆவேசம் இல்லாமல் இருட்டு மூலையில் சுருண்டு கிடப்பதும் உண்டு. பாவம் என்று தூக்கப் போகாமல், பெரியவர்களிடம் சொல்லக் குழந்தையைப் பழக்க வேண்டும்.

கடித்துவிட்டால் செய்ய வேண்டியவை

முதல் வேலை, காயத்தைக் கழுவுவது. குழாயைத் திறந்து, ஓடும் நீரில் காயத்தைக் காட்டி, சோப்புப் போட்டு 15 நிமிடம் விடாமல் கழுவ வேண்டும். குழந்தை எரிச்சலில் அழும். அதற்காக இரண்டு நிமிடத்தில் நிறுத்திவிடக் கூடாது. சோப்பு கிருமியின் மேலுறையைக் கரைக்கிறது. ஓடும் நீர் கிருமியை வெளியேற்றுகிறது. பிறகு பொவிடோன் அயோடின் போன்ற கிருமிநாசினி தடவலாம். மஞ்சள், மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு, காபித்தூள், எண்ணெய் எதையும் வைக்கக் கூடாது. இறுக்கிக் கட்டவும் கூடாது.

அடுத்து, அன்றே மருத்துவமனை. காயத்தை மருத்துவர்கள் மூன்று வகையாகப் பிரிப்பார்கள். காயமில்லாத தோலை நாய் நக்கியிருந்தால் கழுவினால் போதும். இரத்தம் வராத சிறு கீறல் என்றால் தடுப்பூசி தேவை. தோலைத் துளைத்த கடி, இரத்தம் வந்த கீறல், புண்ணிலோ கண், வாயிலோ எச்சில் பட்டது என்றால் தடுப்பூசியுடன் இம்யூனோகுளோபுலின் மருந்தும் காயத்தைச் சுற்றிச் செலுத்தப்படும். ஊசி வேலை செய்யத் தொடங்கும்வரை உடலைக் காப்பது இம்மருந்துதான். முதல் தடுப்பூசி போடும் அன்றே இதைக் கேட்டுப் பெற வேண்டும். அன்று இயலாவிட்டால் 7 நாட்களுக்குள் பெற்றாக வேண்டும்.

முதல் ஊசி போடும் நாளை 0 என்று வைத்து 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் தோலுக்குள் தடுப்பூசி போடப்படுகிறது. தசையில் போடும் முறையில் 14ஆம் நாளும் ஓர் ஊசி உண்டு. அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இது இலவசம். தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்ற பயம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. அந்தப் பழைய ஊசி இந்தியாவில் 2004ஆம் ஆண்டோடு நிறுத்தப்பட்டுவிட்டது. இப்போது ஊசி கையிலோ, சிறு குழந்தைகளுக்குத் தொடையிலோதான்.

வீட்டில் வளர்க்கும் நாயோ பூனையோ கடித்திருந்தால் 10 நாள் அதைக் கவனிக்க வேண்டும். அந்த 10 நாள் முடியட்டும் என்று ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது. முதலில் ஊசியைத் தொடங்கிவிட்டு, பிராணி நலமாக இருந்தால் மீதி ஊசிகளைப் பற்றி மருத்துவர் முடிவு செய்யட்டும். நோயின் அறிகுறி தோன்ற வழக்கமாக 1 முதல் 3 மாதம் ஆகும். அறிகுறி தோன்றிய பிறகு காப்பாற்றுவது ஏறத்தாழ முடியாத காரியம். ஆகவே கடிபட்ட குழந்தையைத் திட்டவோ அடிக்கவோ கூடாது. ‘எது நடந்தாலும் உடனே வந்து சொல், உன்மேல் கோபப்பட மாட்டோம்’ என்ற உறுதியைக் கடிபடுவதற்கு முன்பே கொடுத்திருக்க வேண்டும்.

பிராணியிடமிருந்து பரவும் மற்ற நோய்கள்

குடற்புழு, படர்தாமரை, உண்ணி ஆகியவை நாய், பூனையிடமிருந்து குழந்தைக்கு வரக்கூடியவை. பிராணியைத் தொட்ட பின்பும் சாப்பிடும் முன்பும் சோப்புப் போட்டுக் கைகழுவுவது, பிராணியின் கழிவைக் குழந்தை தொடாமல் பார்த்துக்கொள்வது, வாயில் நக்க விடாமல் இருப்பது, பிராணிக்குக் கால்நடை மருத்துவர் சொல்லும் இடைவெளியில் புழு மருந்து கொடுப்பது ஆகியவற்றால் இவற்றைப் பெரும்பாலும் தடுத்துவிடலாம்.

வயதுக்கேற்ற பராமரிப்பு வேலை

பிராணியின் உயிர் குழந்தையின் நினைவாற்றலை நம்பி இருக்கக் கூடாது. குழந்தை உதவியாளர், பொறுப்பு பெரியவருடையது. 6 வயதுக் குழந்தை தண்ணீர்க் கிண்ணத்தைக் கழுவி நிரப்பலாம். 8, 9 வயதில் உணவை அளந்து வைக்கலாம், முடியைச் சீவிவிடலாம். நாயை வெளியே நடத்திச் செல்வது, அதன் இழுப்பைத் தாங்கும் வலு வந்த பிறகே, அதுவும் பெரியவர் துணையோடு. பதின்வயதில் தடுப்பூசி அட்டையைப் பார்த்து அடுத்த தேதியை நினைவூட்டும் வேலையைத் தரலாம். நாய்க்குட்டிக்கு 3 மாத வயதில் முதல் ரேபிஸ் தடுப்பூசி போட்டு, பிறகு மருத்துவர் சொல்லும் கால அளவில் தொடர வேண்டும்.

எதைக் கொடுக்கக் கூடாது என்பதையும் குழந்தை அறிந்திருக்க வேண்டும். சாக்லேட், வெங்காயம், பூண்டு, திராட்சை நாய்க்கு நஞ்சு. பாயசத்தில் மிதக்கும் உலர்திராட்சையும் அதில் சேரும். பிரியாணியில் வெந்த எலும்பு கூராக உடைந்து குடலைக் கிழிக்கலாம். காய்ச்சலுக்கு வீட்டில் இருக்கும் பாராசிட்டமால் பூனையைக் கொன்றுவிடும்.

பிராணி விளையாட்டுப் பொருள் இல்லை என்பது, அதை வாங்கும் இடத்திலேயே தொடங்க வேண்டிய பாடம். சந்தையிலும் திருவிழாவிலும் பச்சை, ரோஸ் சாயம் ஏற்றிய கோழிக்குஞ்சுகளை அட்டைப்பெட்டியில் வைத்து விற்கிறார்கள். தாயின் கதகதப்பு இல்லாமல், குழந்தைகளின் கைகளில் அழுந்தி, அவற்றில் பல சில நாட்களிலேயே இறந்துவிடுகின்றன. குழந்தை அழுதாலும் வாங்கித் தராமல், ஏன் என்று விளக்கும் பெற்றோரிடம்தான் அது பொறுப்பைக் கற்கிறது.

சட்டம் சொல்வது

1952இல் மாநிலங்களவை உறுப்பினரான ருக்மிணி தேவி அருண்டேல் கொண்டுவந்த தனிநபர் மசோதா, 1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்துக்கு வழிகோலியது. அடிப்பது, உணவும் நீரும் இருப்பிடமும் தராமல் இருப்பது, மிகக் குட்டையான சங்கிலியில் நெடுநேரம் கட்டிவைப்பது, பட்டினி கிடக்கும்படி கைவிடுவது ஆகியவை அச்சட்டப்படி குற்றம். முதல் குற்றத்துக்கு 10 முதல் 50 ரூபாய் வரைதான் அபராதம் என்பது அதன் பெரும் குறை. ஆனால் விலங்கைக் கொன்றாலோ, விஷம் வைத்தாலோ, ஊனமாக்கினாலோ பாரதிய நியாய சன்ஹிதா எனும் தண்டனைச் சட்டத்தின் 325ஆவது பிரிவின்படி 5 ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு.

பசி தாகமின்மை, வசதியான இருப்பிடம், வலி நோயின்மை, அச்சமின்மை, இயல்புப்படி நடக்கும் சுதந்திரம் என்ற ஐந்து சுதந்திரங்களையும் உச்ச நீதிமன்றம் 2014இல் ஜல்லிக்கட்டு வழக்கில் ஏற்றது. வீட்டுப் பிராணிக்கு இவை ஐந்தும் கிடைக்கின்றனவா என்று குழந்தையே சரிபார்க்கலாம். பச்சைக்கிளி, நட்சத்திர ஆமை ஆகியவை 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. இவற்றை வீட்டில் வளர்ப்பது குற்றம்.

தெருநாய்க்குச் சோறு வைக்க விரும்பும் குழந்தைகள் உண்டு. குழந்தைகள் விளையாடும் இடம், மாடிப்படி, கட்டட வாசல் ஆகியவற்றிலிருந்து தள்ளி, குறித்த இடத்தில்தான் உணவு வைக்க வேண்டும் என்கின்றன 2023ஆம் ஆண்டின் விலங்கு இனக்கட்டுப்பாட்டு விதிகள். வளர்ப்புப் பிராணிக்குத் தடுப்பூசி, கருத்தடை, புழு நீக்கம் செய்வது உரிமையாளரின் பொறுப்பு என்றும் அவை சொல்கின்றன.

புகாரும் தீர்வும்

அஜாக்கிரதையால் தன் பிராணி பிறரைத் தாக்க விட்ட உரிமையாளருக்கு, நியாய சன்ஹிதாவின் 291ஆவது பிரிவின்படி 6 மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். காவல் நிலையத்தில் புகார் தரும்போது காயத்தின் படம், மருத்துவமனைச் சீட்டு, சாட்சிகளின் விவரம் ஆகியவற்றைச் சேர்க்க வேண்டும். மருத்துவச் செலவுக்கு இழப்பீடு கேட்டு சிவில் நீதிமன்றத்தையும் அணுகலாம். தெருநாய்த் தொல்லை குறித்து உள்ளாட்சி அமைப்பிடம் எழுத்து மூலம் புகார் தரலாம். சென்னை மாநகராட்சிக்கு 1913 என்ற எண் உள்ளது. ஆம்புலன்ஸுக்கு 108, மருத்துவ ஆலோசனைக்கு 104, கால்நடை அவசர ஊர்திக்கு 1962.

பள்ளிகளுக்கும் இதில் பங்கு உண்டு. கல்வி நிலையங்களின் வளாகத்துக்குள் தெருநாய் நுழையாதபடி காக்க வேண்டும் என்றும், விலங்குகளிடம் நடந்துகொள்ளும் முறை, கடிபட்டால் முதலுதவி, உடனே தெரிவிப்பது ஆகியவற்றை மாணவர்களுக்குக் கற்றுத்தர வேண்டும் என்றும் உச்ச நீதிமன்றம் 2025 நவம்பர் 7 அன்று உத்தரவிட்டது. இத்தகைய வகுப்பு நடக்கிறதா என்று பெற்றோர் பள்ளியிடம் கேட்கலாம். நடக்கவில்லை என்றால் பள்ளி மேலாண்மைக் குழுவில் கோரிக்கை வைக்கலாம்.