மூக்கடைப்பு தீரவே இல்லையா? காதையும் சேர்த்துப் பாருங்க



மார்கழிப் பனியில் பிள்ளைகளுக்கு மூக்கடைப்பது நம்ம ஊருக்குப் புதுசல்ல. ஒரு வாரம், பத்து நாளில் சரியாகிவிடும். ஆனால் சம்பா அறுவடை முடிந்து கோடை வந்தும் பிள்ளை வாயைத் திறந்துகொண்டே தூங்குகிறதா? பெரியவர்கள் மாதிரி குறட்டை விடுகிறதா? தூக்கத்தில் மூச்சு நின்று, திணறி எழுகிறதா? அதை வெறும் சளி என்று விட்டுவிடக் கூடாது.

மூக்குக்குப் பின்னால், உள்நாக்குக்கு மேலே 'அடினாய்டு' என்ற சதை எல்லாப் பிள்ளைகளுக்கும் உண்டு. கிருமியைத் தடுப்பது அதன் வேலை. சின்ன வயதில் பெருத்திருந்து, வளர வளரத் தானே சுருங்கிவிடும். சில பிள்ளைகளுக்கு மட்டும் மூச்சுப் பாதையையே அடைத்துவிடுகிறது, மதகில் ஆகாயத்தாமரை அடைக்கிற மாதிரி. வாயைத் திறந்து டார்ச் அடித்தாலும் நம் கண்ணுக்குத் தெரியாது.

இதில் நாம் கவனிக்காமல் விடுவது காது. நடுக்காதிலிருந்து மூக்கின் பின்பக்கத்துக்கு ஒரு சிறு குழாய் வருகிறது. சதை அதை அடைத்தால் காதுக்குள் நீர் கோத்துக்கொள்ளும். பெரும்பாலும் வலி இருக்காது, சீழும் வராது. காது மட்டும் மந்தமாகும். கூப்பிட்டால் திரும்பாது, டி.வி. சத்தத்தைக் கூட்டும், டீச்சர் சொல்வது காதில் விழாது. ராத்தூக்கமும் கெட்டிருக்கும். இந்தப் பிள்ளையைத்தான் 'மக்கு', 'சொன்ன பேச்சு கேக்காது' என்று திட்டுகிறோம். டென்மார்க் மருத்துவர் வில்ஹெல்ம் மேயர் இந்தச் சதையையும் காது மந்தத்தையும் சேர்த்து எழுதியது 1868-ல்! நமக்கு இன்னும் வந்து சேரவில்லை.

எல்லோருக்கும் ஆபரேஷன் தேவையில்லை. நெல் தூசி, அடுப்புப் புகை ஒத்துக்கொள்ளாத அலர்ஜியாக இருக்கலாம். ஒரு பக்க மூக்கு மட்டும் அடைத்து நாற்றத்தோடு சளி வந்தால், புளியங்கொட்டையோ பாசிமணியோ உள்ளே மாட்டியிருக்கலாம். முதலில் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டுங்க. காது கேட்கும் பரிசோதனையும் செய்யச் சொல்லிக் கேளுங்க. பல பிள்ளைகளுக்குச் சில வாரம் ஸ்பிரே மருந்து கொடுத்துப் பார்ப்பார்கள். கடையில் நாமே வாங்கும் சொட்டு மருந்தை நாள்கணக்கில் விட்டால் அடைப்பு கூடும். மூக்கில் எண்ணெய் விடவே வேண்டாம், நுரையீரலுக்குப் போய்விடும்.

மருந்தில் தீராமல் மூச்சுத் திணறலோ காது மந்தமோ தொடர்ந்தால்தான் ஆபரேஷன். மயக்க மருந்து கொடுத்து, வாய் வழியாகவே சதையை எடுப்பார்கள். முகத்தில் கத்தி படாது, தழும்பும் இல்லை. சுமார் அரை மணி நேர வேலை. பெரும்பாலும் அன்றைக்கே அல்லது மறுநாள் வீட்டுக்கு வரலாம். ஒன்று முக்கியம்: டாக்டர் சொன்ன நேரத்திலிருந்து வெறும் வயிறு. அழுவுதேன்னு பாட்டி ஒளித்து ஒரு பிஸ்கட் கொடுத்தாலும் ஆபத்து, மயக்கத்தில் வாந்தி வந்து மூச்சுக்குழாயில் இறங்கும். கொடுத்திருந்தால் மறைக்காமல் டாக்டரிடம் சொல்லிவிடுங்க.

செலவுக்கு வட்டிக்கு வாங்க ஓடாதீங்க. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவு இருக்கிறது. அரசு மருத்துவமனை, கட்டணம் இல்லை. தனியாரிடம்தான் போகணும் என்றால், முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இதற்குச் செல்லுமா என்று முன்கூட்டியே கேளுங்க. குழுவில் கடன் கேட்பது அதற்கப்புறம்தான்.

வீட்டுக்கு வந்ததும் சில நாள் தொண்டை வலியும் வாய் நாற்றமும் இருக்கும். இட்லி, ரசம் சாதம் ஆறவைத்துக் கொடுங்க. ஒரு வாரம் பள்ளிக்கூடம், களத்துத் தூசி வேண்டாம். மூக்கிலோ வாயிலோ சிவப்பாக ரத்தம் வந்தாலோ, தூக்கத்தில் அடிக்கடி எதையோ விழுங்கிக்கொண்டே இருந்தாலோ, விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்க.